தரவின் வடிவங்கள் – 9: அப்புத்தளையை வேராகக் கொண்ட மரம்

துவித மரத்தில் ஒரு கணுவுக்கு அதிகபட்சம் இரண்டு பிள்ளைகள்தாம் இருக்கலாம்: இடப்பிள்ளை, வலப்பிள்ளை. பிள்ளை ஒன்றே ஆனாலும் அது இடமா வலமா என்பது கணக்கில் சேரும். தாய் இல்லாத ஒரே கணு வேர். பிள்ளை இல்லாதவை இலைகள். வேரிலிருந்து எந்தக் கணுவுக்கும் வழி ஒன்றுதான். புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுற்று மரத்தில் கிடையாது.

இந்த அமைப்புடன் ஒரு விதியைச் சேர்த்தால் தேடல் மரம் கிடைக்கும். ஒவ்வொரு கணுவிலும் சிறியவை இடப்பக்கம், பெரியவை வலப்பக்கம். விதி எளிது, ஆனால் தரவு வந்து சேரும் வரிசை மரத்தின் உருவத்தையே கெடுத்துவிடும். இதற்குப் பதுளை ரயில் பாதை நல்ல சாட்சி. 1894இல் பண்டாரவளை வரையும் 1924இல் பதுளை வரையும் எட்டிய இந்தப் பாதை, 1,890 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பட்டிப்பொலவைத் தாண்டியதும் இறங்கத் தொடங்குகிறது. சிறு தரிப்பிடங்களை விட்டுவிட்டால் ஒஹிய, இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல என ஒவ்வொரு நிலையமும் முந்தியதைவிடத் தாழ்வானது. கோச்சி போகும் வரிசையிலேயே பட்டிப்பொல உள்ளிட்ட இந்த ஏழையும் உயரப்படி மரத்தில் செருகினால், எல்லாமே இடப்பக்கம் போய்த் தொங்கும். பெயருக்குத்தான் அது மரம். உண்மையில் சென்ற வாரம் பார்த்த இணைப்புப் பட்டியல். எல்லவைக் கண்டுபிடிக்க ஏழு ஒப்பீடுகள் வேண்டும்.

எல்லவுக்கு அடுத்த தெமோதரையில் தண்டவாளம் குன்றைச் சுற்றி வந்து, நிலையத்துக்கு நேர் கீழே சுரங்கத்துக்குள் நுழைகிறது. வரைபடத்தில் வளையம்போலத் தெரியும். ஆயினும் மேல் பாதையும் கீழ் பாதையும் எங்கும் இணைவதில்லை. ஆகவே இங்கும் சுற்று இல்லை.

அதே ஏழு நிலையங்களை நடுவிலிருந்து எடுத்தால் கதையே வேறு. உயரத்தில் நான்காவதாக நிற்கும் அப்புத்தளை வேர். அதன் இடப்பிள்ளை பண்டாரவளை. அதற்குக் கீழே இடப்பக்கம் எல்ல, வலப்பக்கம் தியத்தலாவை. வேரின் வலப்பிள்ளை ஒஹிய. அதற்குக் கீழே இதல்கஸ்ஹின்னவும் பட்டிப்பொலவும். இலை அல்லாத எல்லாக் கணுக்களுக்கும் இரண்டு பிள்ளைகள், எல்லா இலைகளும் ஒரே மட்டத்தில்: இது சீர்மரம். எல்லவை எட்ட மூன்றே ஒப்பீடுகள். பத்து லட்சம் கணுக்கள் இருந்தாலும் இத்தகைய அமைப்பில் இருபது ஒப்பீடுகளைத் தாண்டாது.

தெமோதரையைச் சேர்த்தால் அது எல்லவின் இடப்பிள்ளையாகும். கடைசி மட்டம் இடமிருந்து இடைவெளியின்றி நிரம்புவதால் மரம் இன்னும் ‘நிறைமரம்’தான். ஆனால் எல்லவுக்கு ஒரே பிள்ளை என்பதால் அது ‘முழுமரம்’ அல்ல. முழுமரத்தில் பிள்ளைகள் இரண்டு இருக்க வேண்டும், அல்லது ஒன்றுமே இருக்கக் கூடாது. இந்த இரண்டு பெயர்களையும் குழப்பிக்கொள்ளாத மாணவர் அரிது. அடுத்து, இன்னும் தாழ்வான ஹாலிஎல நிலையம் தெமோதரையின் இடப்பக்கம் தொங்கியதும் எல்லவில் மரம் ஒருபுறம் சாய்ந்துவிடும். 1962இல் சோவியத் கணிதவியலாளர்கள் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் தந்த தீர்வு, சுழற்சி. தெமோதரையை மேலே தூக்கி, எல்லவை அதன் வலப்பிள்ளையாக இறக்க வேண்டும். உயர வரிசை சிறிதும் குலையாது. மரம் சமநிலைக்கு வந்துவிடும். இந்த ஒரே சுழற்சியில் அது முழுமரமாகவும் நிறைமரமாகவும் ஆகிவிடுவது உபரி லாபம்.

மரத்தின் எல்லாக் கணுக்களையும் ஒருமுறை பார்த்து வருவது வலம். மீண்டும் ஏழு நிலைய மரம். இடைவரிசை வலத்தில் முதலில் இடக்கிளை, பிறகு தாய், பிறகு வலக்கிளை: எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளை, இதல்கஸ்ஹின்ன, ஒஹிய, பட்டிப்பொல. பதுளையிலிருந்து மேலேறும் கோச்சி கடக்கும் வரிசை இதுதான். தேடல் மரத்தில் இடைவரிசை எப்போதும் ஏறுவரிசையே.

முன்வரிசையில் தாய்க்கு முதலிடம்: அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தியத்தலாவை, ஒஹிய, இதல்கஸ்ஹின்ன, பட்டிப்பொல. இந்த வரிசையில் எழுதிவைத்து வெற்று மரத்தில் மறுபடி செருகினால் பழைய உருவமே அப்படியே திரும்பும். இடைவரிசையில் எழுதிவைத்தவருக்கோ தொங்கும் பட்டியல்தான் மிஞ்சும், இம்முறை வலப்பக்கமாக.

பின்வரிசையில் தாய் கடைசி: எல்ல, தியத்தலாவை, பண்டாரவளை, இதல்கஸ்ஹின்ன, பட்டிப்பொல, ஒஹிய, அப்புத்தளை. பிள்ளைகளை விடுவிக்காமல் தாயை அழித்தால் அவற்றுக்குப் போகும் வழியே அறுந்துவிடும். அதனால் மரத்தை நினைவகத்திலிருந்து நீக்கும்போது இம்முறையே கையாளப்படுகிறது.

நான்காவது, மட்டவரிசை: அப்புத்தளை, பண்டாரவளை, ஒஹிய, பிறகு நான்கு இலைகள். முந்திய மூன்றும் திரும்பும் வழியை அடுக்கில் வைத்துக்கொள்ளும். மட்டவரிசை, பார்க்க வேண்டிய கணுக்களைக் கியூவில் நிறுத்தும். ஏறத்தாழ பத்து லட்சம் கணுக்கள் கொண்ட சீர்மரத்தில் அடுக்குக்கு இருபது இடங்கள் போதும். கியூவிலோ கடைசி மட்டத்தின் ஐந்து லட்சம் இலைகளும் ஒரே நேரத்தில் நிற்கும்.