வீடு முடியல, வட்டி மட்டும் ஓடுது... ப்ரீ-இஎம்ஐ கணக்கு என்ன?

சங்கரன்கோவிலில் சொந்த மனையில் வீடு கட்டுபவருக்கு 20 லட்சம் கடனை வங்கி மொத்தமாகத் தராது. அஸ்திவாரம், லிண்டல், கான்கிரீட் என வேலை ஏற ஏறத்தான் பணம் வரும். 9% வட்டியில் முதலில் 5 லட்சம் வந்தால் மாத வட்டி 3,750 ரூபாய். முழுத் தொகையும் வந்துவிட்டால் 15,000. இதுதான் ப்ரீ-இஎம்ஐ. அசல்ல ஒரு ரூபாய்கூட குறையாது. வாடகை வேற தனி!

வரிச் சலுகை? கட்டும்போது கிடையாது. பழைய வரி முறையில், வீடு முடியும் நிதியாண்டுக்கு முன்புவரை கட்டிய வட்டியை, அந்த ஆண்டிலிருந்து 5 சம தவணைகளாகக் கழிக்கலாம். குடியிருக்கும் வீடென்றால், நடப்பு வட்டியையும் சேர்த்து ஆண்டுக்கு 2 லட்சம்தான் உச்சவரம்பு. கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் வீடு முடியலைன்னா அது 30,000 ஆகச் சுருங்கிடும். 'ஆடித்தபசு போகட்டும்ணே' என்று கொத்தனார் இழுத்தால் இதை யோசிங்க. புதிய வரி முறையிலோ, குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவே இல்லை.