பெட்டிக்குள் நடக்கும் மோதல்

அட்டைப்பெட்டியின் மூலைகூட நசுங்கவில்லை. திறந்து பார்த்தாலோ, உள்ளே இருக்கும் இசைத்தட்டுக் கருவி பழுதாகிக் கிடக்கிறது. இது எப்படி?

பழைய ஒலிக்கருவிகளைத் தேடி வாங்குவோருக்கு இது பழகிப்போன ஏமாற்றம். இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் காரார்டு நிறுவனம் 1954-இல் வெளியிட்ட '301' என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். பி.பி.சி. வானொலியும் பயன்படுத்திய கருவி அது. இன்றும் பலர் அதை நாடுவிட்டு நாடு வரவழைக்கிறார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்த இயந்திரம் ஒரு வாரப் பயணத்தில் கெட்டுப்போவது வேடிக்கைதான்!

காரணம் நீங்கள் வகுப்பில் படித்த நிலைமம். மேசை உயரத்திலிருந்து, அதாவது 75 செ.மீ.யிலிருந்து, பெட்டி நழுவி விழுவதாகக் கொள்வோம். தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 3.8 மீட்டர். பெட்டி நின்றுவிடுகிறது, உள்ளே இருக்கும் பொருள் நிற்க மறுக்கிறது. எவ்வளவு தூரத்தில் அது நிறுத்தப்படுகிறது என்பதே இங்கு முக்கியம். விழுந்த உயரத்தை, நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்துப் பாருங்கள். 1 மி.மீ.க்குள் நின்றால் விடை 750. அதாவது, 2 கிலோ சுழல்தட்டு அந்தக் கணத்தில் ஒன்றரை டன் எடை உள்ளதுபோல் அழுத்தும்! நுரைமெத்தை 2.5 செ.மீ. அமுங்கி இடம் கொடுத்தாலோ விடை வெறும் 30. அழுத்தம் 60 கிலோ எடைக்குச் சமம்.

அப்படியானால் பழைய செய்தித்தாள்களைத் திணித்துவிட்டால் போதாதா? போதாது. லாரியின் குலுக்கலில் தாள் இறுகிப்போய் இடைவெளி விழும். மிக மென்மையான பஞ்சோ கனமான பொருளின் கீழ் முழுவதும் அமுங்கிவிடும். பிறகு அது இருந்தும் இல்லாததும் ஒன்றே.

நுரை வைத்தாலும் சுழல்தட்டைக் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும். கழற்றாமல் அனுப்பினால், ஒவ்வொரு குலுக்கலிலும் அது தன்னைத் தாங்கும் அச்சையே சம்மட்டிபோல் தட்டும். அச்சின் தாங்கியில் கண்ணுக்குத் தெரியாத சிறு பள்ளம் விழுந்தாலும் போதும், பாட்டின் அடியில் உறுமல் ஒலி கேட்கும். கருவியை அதன் எதிரி வெளியிலிருந்து வந்து தாக்குவதில்லை. அதன் சொந்த எடைதான் தாக்குகிறது.

ஒலிபெருக்கியிலும் இதே கதைதான். பசையால் ஒட்டப்பட்ட கனமான காந்தம் இம்மியளவு நகர்ந்தாலும், குறுகிய இடைவெளியில் ஆடும் கம்பிச்சுருள் சிக்கிக்கொள்ளும். வெளியே கீறல்கூட இராது.

ஆம்பிளிபையர் வந்தால் மட்டும் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள். உடனே மின்சாரம் கொடுக்காதீர்கள். அதில் மிகவும் கனமான பகுதி மின்மாற்றி. அது பெயர்ந்து ஒரு கம்பியின் உறையைக் கிழித்திருந்தால், உலோகப் பெட்டி முழுவதும் மின்சாரம் பாயலாம். தொட்டவர் உயிருக்கே ஆபத்து. மெல்லச் சாய்த்துப் பார்த்து, ஏதாவது உருளும் ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள். ஓசை கேட்காவிட்டாலும், பழுதுபார்ப்பவர் திறந்து சோதித்த பிறகே இணைக்க வேண்டும்.

வால்வு வைத்த பழைய ஆம்பிளிபையராக இருந்தால், ஒரு சோதனையை நீங்களே செய்யலாம். வால்வுக் கண்ணாடியின் உட்புறத்தில் கண்ணாடி போல் மின்னும் ஒரு பூச்சைப் பாருங்கள். பெரும்பாலும் அது பேரியம் உலோகம். உள்ளே மிஞ்சும் வாயுவை உறிஞ்சி வெற்றிடத்தைக் காப்பது அதன் வேலை. பூச்சு பால்போல் வெளுத்திருந்தால், உள்ளே காற்று புகுந்துவிட்டது. விரிசலைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியதே இல்லை.