யார் வரைந்த படகு?

1931 ஜூலை. அமெரிக்காவின் நியூபோர்ட்டிலிருந்து இங்கிலாந்தின் பிளைமவுத்துக்கு அட்லாண்டிக்கைக் கடக்கும் பாய்மரப் படகுப் போட்டி. 52 அடி நீள 'டோரேட்' 17 நாளில் கரை சேர்ந்தது. அடுத்த படகு வந்து சேர மேலும் இரண்டு நாள் ஆயிற்று. டோரேட்டை வரைந்தவரும் அதன் தலைவராகச் செலுத்தி வந்தவரும் ஒருவரே: ஓலின் ஸ்டீபன்ஸ், வயது 23. நியூயார்க் நகரம் படகுக் குழுவினரை ஊர்வலமாக அழைத்துச் சென்று கொண்டாடியது.

ஓலின் பொறியியல் பட்டம் பெற்றவர் அல்ல. எம்.ஐ.டி.யில் சேர்ந்தவர், காமாலை கண்டு படிப்பைப் பாதியில் விட்டார். 1929இல் டிரேக் ஸ்பார்க்மன் என்ற படகுத் தரகருடன் கூட்டுச் சேர்ந்தார். டோரேட்டுக்குப் பணம் போட்டவர், நிலக்கரி வணிகம் செய்துவந்த தந்தை. கட்டுமானத்தைப் பார்த்துக்கொண்டவர் தம்பி ராட்.

இத்தனை புகழ் பெற்ற படகின் குறையை ஓலினே வெளிப்படையாகச் சொன்னார். அகலம் போதாது, அதனால் அதிகம் உருளுகிறது என்பது அவர் கணிப்பு. 1934இல் 'ஸ்டார்மி வெதர்' படகை இரண்டடிக்கு மேல் அகலமாக வரைந்தார். மறு ஆண்டே அதுவும் அட்லாண்டிக் போட்டியில் வென்றது.

அவர் குணத்தை எனக்கு முழுதாகக் காட்டுவது 1937இன் 'ரேஞ்சர்'. பாய்மரப் படகுப் பந்தயமான அமெரிக்கா கோப்பையைக் காக்க ஹெரால்டு வாண்டர்பில்ட் கட்டிய பெரும்படகு அது. மூத்த வடிவமைப்பாளர் ஸ்டார்லிங் பர்ஜஸும் இளைஞர் ஓலினும் தனித்தனியே மாதிரிகள் வரைந்தார்கள். ஹோபோக்கனில் ஸ்டீவன்ஸ் கல்லூரியின் நீர்த்தொட்டியில் அவற்றை இழுத்துச் சோதித்தார்கள். காற்றில் சாய்ந்து பக்கவாட்டில் நழுவும் படகின் நிலையைச் சிறு மாதிரியிலேயே அளக்கும் முறையை கென்னத் டேவிட்சன் அங்கே உருவாக்கியிருந்தார். கண்ணுக்கு அழகில்லாத ஒரு மாதிரி எண்களில் முந்தியது, அதையே கட்டினார்கள். நான்கு பந்தயங்களிலும் ரேஞ்சருக்கே வெற்றி. அது யார் வரைந்தது என்பதை வெளியில் சொல்வதில்லை என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓலினின் கைவண்ணம்தான் என்று பலரும் நம்பினார்கள். பர்ஜஸ் 1947இல் இறந்தார். மறுத்துப் பேச ஆளில்லாத நிலையில், அந்த மாதிரி பர்ஜஸுடையது என்று பின்னாளில் ஓலினே அறிவித்தார். தொழில் உலகில் இப்படியொரு நேர்மை அரிது. அவர் வென்ற கோப்பைகளைவிட இதை நான் உயர்வாக மதிக்கிறேன்.

கோப்பைகளுக்கும் குறைவில்லை. 1958 முதல் 1980 வரை அமெரிக்கா கோப்பையைக் காத்த படகுகளில், 1962இல் வென்றதைத் தவிர மற்ற அனைத்தும் அவரது நிறுவனத்தின் வரைபலகையில் பிறந்தவை. 1967இன் 'இன்ட்ரெபிட்' படகில் சுக்கானை அடிக்கட்டையிலிருந்து பிரித்துப் பின்னுக்குக் கொண்டுபோனார். வேகமும் திருப்பமும் கூடின.

ஓலின் 2008இல், நூறு வயதில் மறைந்தார். இரண்டாண்டு கழித்து ஆஸ்திரேலியச் சிறுமி ஜெசிகா வாட்சன், 16 வயதில், எங்கும் நில்லாமல் தனியாக உலகைச் சுற்றி சிட்னி திரும்பினாள். வழியில் புயல் அவள் படகைப் பலமுறை கவிழ்த்துப் போட்டது. ஒவ்வொரு முறையும் அது தானே நிமிர்ந்தது. அந்த 34 அடிப் படகு, ஓலினின் நிறுவனம் 1960களில் வரைந்த வடிவம்.