முதலில் தட்டவேண்டிய கதவு

கல்முனை போன்ற கரையோரப் பட்டினத்தில் மறைவு என்பது எளிதிற் கிடைப்பதன்று. மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை வீட்டோடு வீடு ஒட்டி நிற்கின்றது. ஒரு பெண் பகலிலே பொலிஸ் நிலையத்தின் படி ஏறினாளாயின், அவள் வீடு திரும்புமுன் செய்தி கடைத்தெருவை எட்டிவிடும். பாலியல் வன்முறைக்கு ஆளானவளை வாய்மூடச் செய்வது பெரும்பாலும் இவ்வச்சமே. உம்மாவும் ராத்தாவும் ஊர்வாய்க்கு அஞ்சி நிற்க, உதவி பெறவேண்டிய நேரம் கழிந்துவிடுகின்றது.

வைத்தியசாலைக்குப் போகும் பெண்ணையோ எவரும் வியந்து நோக்குவதில்லை. காய்ச்சலுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் செல்லும் இடம் அதுவன்றோ? ஆதலின் முதலில் தட்டவேண்டிய கதவு அதுவே. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை என இரண்டு உள. அறிந்தவர் பணிபுரியும் ஒன்றுக்குப் போகக் கூசுபவள் மற்றதை நாடலாம். முறைப்பாடு செய்வதா என்று இன்னும் முடிவு செய்யாதவளுக்கும் சிகிச்சை உண்டு.

விரைவு ஏன் வேண்டும்? எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையை 5 நாள் வரை கொடுக்கலாமெனினும், நேரம் செல்லச் செல்ல அதன் பலன் குன்றும். குளியாமல் வருவது சான்றுக்கு நல்லது. உடுத்த ஆடையைத் துவையாமல் கடதாசிப் பையில் இட்டுக் கொணர்க. குளித்துவிட்டாலும் நாள்கள் கடந்தாலும் போகத்தான் வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை அவள் சம்மதத்தோடு நடப்பது. பல அரசாங்க வைத்தியசாலைகளில், சிங்களத்தில் ‘மித்துரு பியச’ எனப்படும் ‘நட்பு நிலையம்’ இத்தகையோருக்கெனவே இயங்குகின்றது.

இக்கரையில் மகள் மணமான பின்னரும் தாய்வீட்டிலோ அதன் அருகிலோ வாழ்வது வழக்கம். ஆகவே செய்தியை முதலிற் கேட்பவள் பெரும்பாலும் உம்மாவே. “அங்கே ஏன் போனாய்?” என்று அவள் கேட்டுவிட்டால் மகள் அதன்பின் எவரிடமும் பேசமாட்டாள்.

ஆண்கள் கூடிப் பேசித் தீர்த்துவிடலாம் என்பாரும் உளர். அது தகாது. காதி நீதிமன்றம் விவாகம், விவாகரத்து முதலியவற்றுக்குரியது. வன்புணர்ச்சியோ தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் வரும் பெருங்குற்றம். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சம்மதமின்மையை நிரூபிக்க உடலிற் காயம் இருந்தாக வேண்டுமென்பதில்லை. பாதிக்கப்பட்டவளை இன்னாரென்று தெரியும்படி பத்திரிகையில் வெளியிடுவதையும் அத்திருத்தம் குற்றமாக்கியது. ஊர்வாய்க்கு அஞ்சுவோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

தொலைபேசியில் 1938 பெண்களுக்குரிய அரசாங்க உதவி இலக்கம்; சிறுவர்க்கு 1929. பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். வழக்குச் செலவுக்கு வழியில்லாதோர்க்குச் சட்ட உதவி ஆணைக்குழு துணைநிற்கும். உள்ளூரில் வாய்திறக்க மனம் ஒப்பாதவள் பஸ் ஏறி மட்டக்களப்புக்குச் சென்று, அங்குள்ள சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தில் பேசலாம்.