குளத்து ஜலத்தின் சிற்றுயிர்களும் மீன் குஞ்சுகளின் ஆகாரமும்

கிராமக் குளங்களில் மீன் வளர்ப்பு நல்லதோர் உபதொழிலாகும். ஆயினும், விலை கொடுத்து வாங்கி நாற்றங்கால் குளத்தில் விட்ட குஞ்சுகள் சில தினங்களுக்குள் பெரும்பாலும் மடிந்துபோவதுண்டு. இதற்கு நோயோ, விற்றவர் செய்த மோசமோ காரணமென்று பலர் எண்ணுகின்றனர். அநேக சமயங்களில் உண்மைக் காரணம் வேறு. குஞ்சின் வாய்க்கு ஏற்ற உணவு அந்த ஜலத்தில் அந்தத் தருணத்தில் இல்லாமையே அதுவாகும்.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மீன்களின் குஞ்சு, முட்டையிலிருந்து வெளிவந்த ஏறக்குறைய மூன்று தினங்கள் தன் வயிற்றோடு ஒட்டியுள்ள கருவுணவைக் கொண்டே ஜீவிக்கிறது. அது தீர்ந்தவுடன் ஜலத்தில் மிதக்கும் நுண்ணிய பிராணிகளே அதற்கு முக்கிய ஆகாரம். இப்பிராணிகளின் பெயர்களைக் காட்டிலும், அவற்றின் உடலளவு, உண்ணும் விதம், பெருகும் விதம் ஆகிய மூன்றையும் அறிவதே மீன் வளர்ப்போருக்குப் பயன்படும்.

மூவகைப் பிராணிகள்

முதல் வகை சக்கரப் பிராணிகள். இவற்றுள் பெரும்பாலானவை அரை மில்லிமீட்டருக்கும் குறைந்தவை. தலையிலுள்ள மயிர்களைச் சக்கரம்போல் சுழற்றி, பாசித் துணுக்குகளை வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். ஆணின் உதவியின்றியே பெண் முட்டையிடும். வெப்பமான ஜலத்தில் ஓரிரு நாட்களிலேயே பருவமடைவதால், புதிதாக நீர் நிரப்பி எருவிட்ட குளத்தில் முதலில் பெருகுவன இவையே.

இரண்டாவது, நீர்த்தெள்ளு எனப்படும் வகை. மொய்னா, டாப்னியா முதலியன இதிற் சேர்ந்தவை. இவையும் பாசியை வடிகட்டி உண்பவை, ஆணின்றிப் பெருகுபவை. சற்றுப் பெரியனவாதலால் சக்கரப் பிராணிகளுக்குப் பின்னரே மிகுதியாகத் தோன்றும். குளம் வற்றுங்காலத்தில் இவை கெட்டியான ஓடுள்ள முட்டைகளைச் சேற்றில் விட்டுச் செல்லும். அம்முட்டைகள் கோடையைக் கடந்து, மழைநீர் வந்ததும் பொரிக்கும். வறண்ட ஏரியில் புதுநீர் வந்த சில நாட்களில் எங்கிருந்தோ உயிர்கள் வந்தனபோல் தோன்றுவதன் ரகசியம் இதுவே.

மூன்றாவது, சைக்ளாப்ஸ் முதலியவை. இவற்றில் ஆணும் பெண்ணும் கூடியே இனம் பெருக வேண்டும். குஞ்சு பலமுறை தோலுரித்தே முழு வளர்ச்சி பெறும். ஆகையால் இவை தாமதித்துப் பெருகும். சைக்ளாப்ஸ் இரையைப் பாய்ந்து பற்றும் சுபாவமுடையது. மிகவும் இளைய மீன் குஞ்சுகளையும் தாக்கக்கூடும். முதலிரு வகைகள் குஞ்சுக்கு உணவாக, மூன்றாவது அதற்குச் சத்துருவாகவும் ஆகலாம்.

குஞ்சு விடும் தருணம்

நாற்றங்கால் குளத்திற்கு ஏக்கருக்குச் சுமார் 4,000 கிலோ சாணம் இடுவது வழக்கம். பத்துப் பதினைந்து தினங்களில் சிற்றுயிர்கள் பெருகும். எனினும் நாட்கணக்கை மாத்திரம் நம்பலாகாது. ஜலத்தைச் சோதித்தல் அவசியம். குளத்தின் பல இடங்களிலிருந்து 50 லிட்டர் நீரை நெருக்கமான வலைத்துணியில் வடிகட்டி, தங்குவதைக் கண்ணாடிக் குழாயில் இட்டுச் சிறிது உப்புச் சேர்த்தால் உயிர்கள் அடியிற் படியும். படிவு 1 முதல் 2 மில்லிலிட்டர் இருப்பின் உணவு போதுமானது. அதிற் பெரும்பகுதி சக்கரப் பிராணிகளும் சிறு நீர்த்தெள்ளுகளுமாக இருத்தல் வேண்டும். இவற்றுட் பல பகலில் ஆழத்திற்கும் இரவில் மேற்பரப்பிற்கும் செல்பவை. ஆதலால் தினந்தோறும் அதிகாலையில் ஒரே நேரத்தில் சோதித்தல் நலம்.

குஞ்சுகளைத் தின்னும் நீர்ப்பூச்சிகள் பல, மேற்பரப்பிற்கு வந்து காற்றைச் சுவாசிப்பவை. குஞ்சு விடுவதற்கு முந்தின தினம், காற்றில்லாத வேளையில், ஏக்கருக்கு ஏறக்குறைய 22 கிலோ மலிவான தாவர எண்ணெயையும் 7 கிலோ ஸோப்பையும் கரைத்துப் பரப்பினால் அவை மூச்சுத் திணறி மடியும். நீரில் கரைந்துள்ள பிராணவாயுவையே சுவாசிக்கும் நம் சிற்றுயிர்களோ பிழைத்திருக்கும்.

அளவுக்கு மிஞ்சி விடலாகாது

அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்திலுள்ள கிரிஸ்டல் ஏரியின் சிற்றுயிர்களை 1942-ஆம் ஆண்டிலும், மத்தி இனத்தைச் சேர்ந்த ஒரு மீன் அங்கே குடியேறிய பின்னர் 1964-ஆம் ஆண்டிலும் ஆராய்ந்தனர். டாப்னியா முதலிய பெரிய உயிர்கள் மறைந்து, மிகச் சிறியவையே மிஞ்சியிருந்தன. புரூக்ஸ், டாட்ஸன் என்னும் இரு விஞ்ஞானிகள் இதனை 1965-இல் வெளியிட்டனர். கண்ணுக்குத் தெரியும் பெரிய இரையையே மீன் முதலில் தின்னும் என்பது இதனால் விளங்கும்.

பாசியைத் திறம்பட வடிகட்டுவன பெரிய நீர்த்தெள்ளுகளேயாம். குஞ்சுகளை அளவுக்கு மிஞ்சி விட்டால் அவை அழிந்து, பாசி தடையின்றிப் பெருகலாம். அடர்ந்த பாசி இரவில் பிராணவாயுவைச் செலவிடுவதால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவிக்கும்.

ஆதலின், கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்றுக் குஞ்சு வாங்குவோர், பணம் செலுத்துமுன் ஒரு முழ வலைத்துணியும் ஒரு கண்ணாடிக் குழாயும் கொண்டு தம் குளத்து நீரைச் சோதிப்பாராக. குளத்தில் உணவு தயாரான பின்னரே குஞ்சை வரவழைத்தல் வேண்டும். குஞ்சு வந்த பின்னர் உணவைத் தேடுதல் நஷ்டத்திற்கே வழியாகும்.