மிரட்டியவர்கள் சிரிக்க வைக்கும்போது

‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் செல்லப்பாவாக வரும் நாகேஷ், தான் எடுக்கப்போகும் பேய்ப் படத்தின் கதையை அப்பா விஸ்வநாதனிடம் சொல்லும் காட்சியைத் தெரியாத தமிழர் குறைவு. அந்தக் காட்சியைப் பற்றிப் பேசும்போது முதலில் வரும் பெயர் நாகேஷ்தான். கையை ஆட்டி, கண்ணை உருட்டி, காற்றையும் கதவையும் வாயாலேயே ஒலிக்கவைத்து அவர் கதை சொல்கிறார். ஆனால் நாம் அதிகம் சிரிப்பது எதிரே உட்கார்ந்து கேட்கும் டி.எஸ். பாலையாவின் முகத்தைப் பார்த்து. அந்த முகத்தில் சிரிக்க வைக்கும் முயற்சி எதுவும் இல்லை. பெரிய எஸ்டேட் முதலாளி. மகன் உருப்படமாட்டான் என்று எப்போதோ தீர்மானித்துவிட்டவர். வேண்டா வெறுப்பாகத்தான் காது கொடுக்கிறார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிஜமாகவே பயப்படுகிறார். நாற்காலியில் இருக்கும் இடம் குறைகிறது, கை எதையோ பற்றிக்கொள்ளத் தேடுகிறது. பாலையாவின் இடத்தில் ஒரு காமெடியன் உட்கார்ந்து பயந்த மாதிரி நடித்திருந்தால், இயக்குநர் ஸ்ரீதரும் வசனம் எழுதிய சித்ராலயா கோபுவும் என்னதான் செய்திருந்தாலும் அது சாதாரணக் காட்சியாகவே நின்றிருக்கும்.

பாலையா நகைச்சுவை நடிகராகத் தொடங்கியவர் அல்ல. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1936-ல் வந்த ‘சதி லீலாவதி’யில் வில்லனாக அறிமுகமானவர். எம்.ஜி.ஆருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் அது முதல் படங்களில் ஒன்று. அதற்குப் பின் இருபது ஆண்டுகள், ‘மதுரை வீரன்’ (1956) வரை, பார்வையாளர் பல்லைக் கடித்துக்கொண்டு வெறுக்கவேண்டிய வேடங்களே அவருக்குப் பெரும்பாலும் வாய்த்தன. அப்படிப்பட்டவர் ஐம்பது வயதையொட்டி ‘காதலிக்க நேரமில்லை’, ‘திருவிளையாடல்’, ‘பாமா விஜயம்’, ‘தில்லானா மோகனாம்பாள்’ என்று அடுத்தடுத்துச் சிரிக்க வைத்ததை ஒரு நடிகரின் தனித்திறமை என்று சொல்லி நகர்ந்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. ஏனென்றால் இதே பாதையில் தமிழ்த் திரையில் வேறு பலரும் நடந்திருக்கிறார்கள். வில்லனாகப் பழகியவர் நகைச்சுவை வேடத்துக்கு வந்தால் பிழைப்பதற்குத் தொழில் சார்ந்த காரணம் ஒன்று இருக்கிறது. அது மதிப்பும் நேரமும் சம்பந்தப்பட்டது.

மதிப்பை முதலில் பார்ப்போம். ஒருவர் வழுக்கி விழுவது சிரிப்பைத் தருமா என்பது விழுவது யார் என்பதைப் பொறுத்தது. ஏற்கெனவே தரையில் கிடப்பவர் இன்னும் ஓர் அடி சறுக்கினால் அதில் என்ன இருக்கிறது? உயரத்தில் நின்றவர் சறுக்க வேண்டும். அந்த உயரத்தை ஒவ்வொரு படத்திலும் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. வில்லன் நடிகருக்கு அது தேவையும் இல்லை. முந்தைய படங்களிலேயே பார்வையாளர் மனதில் அது கட்டப்பட்டுவிட்டது. ‘திருவிளையாடல்’ (1965) ஹேமநாத பாகவதரைப் பாருங்கள். பாண்டியன் சபையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று இறுமாந்து நிற்கிறார் பாலையா. அந்தத் திமிரில் கேலி துளியும் கிடையாது. அவையே நடுங்குகிறது, நமக்கும் எரிச்சல் வருகிறது. இரவில் திண்ணையிலிருந்து விறகுவெட்டியின் பாட்டு கேட்கிறது. இவன் போட்டியில் தன்னை எதிர்த்துப் பாடவிருக்கும் பாணபத்திரர் சீடனாகச் சேர்த்துக்கொள்ள மறுத்த ஆள் என்று தெரியவந்ததும், அந்தப் பாகவதர் ஊரைவிட்டு நழுவும் அவசரம் நம்மை வெடித்துச் சிரிக்க வைக்கிறது. சபையில் அவர் நின்ற நிலையில் ஒரு பங்கு குறைந்திருந்தாலும் இந்த ஓட்டத்தில் பாதிச் சிரிப்பு போயிருக்கும். பாலையா இரண்டையும் ஒரே தீவிரத்தோடு நடித்தார். திமிரை நடிக்கும்போது பின்னால் ஓடப்போகிறோம் என்று கண் சிமிட்டவில்லை.

அடுத்தது நேரம். வில்லன் நடிப்பின் அடிப்படையே காத்திருக்க வைப்பதுதான். அடுத்து என்ன செய்வானோ என்று பார்வையாளர் பதறவேண்டும். அதற்காக வசனத்துக்கு முன் நிறுத்துகிறார், பார்வையை நகர்த்தாமல் வைத்திருக்கிறார், குரலைத் தாழ்த்துகிறார். நகைச்சுவையில் டைமிங் என்று சொல்லப்படுவதும் இதே நிறுத்தம்தான். வித்தியாசம், நிறுத்தத்துக்குப் பின் அடி விழுகிறதா, அசட்டுத்தனம் விழுகிறதா என்பதில் மட்டும் இருக்கிறது. எம்.ஆர். ராதா இந்த இரண்டுக்கும் நடுவில் கோடே போடாதவர். ‘ரத்தக்கண்ணீர்’ (1954) மோகனசுந்தரம் வெளிநாடு போய்வந்த திமிரில் பெற்ற தாயையும் கட்டிய மனைவியையும் அவமதிக்கும்போது அரங்கம் அவரை வெறுத்துக்கொண்டே சிரித்தது. கரகரப்பிலிருந்து கீச்சுக்குத் தாவும் அந்தக் குரல், எந்த இடத்தில் தாவும் என்று தெரியாமல் நம்மை நிறுத்திவைக்கிறது. ‘பலே பாண்டியா’ (1962) படத்தில் அடாவடிக் கபாலியாகவும் சாதுவான அமிர்தலிங்கம் பிள்ளையாகவும் இரண்டு வேடம் போட்டார். ஒரே நடிகரின் ஒரே கருவிகள் மிரட்டலுக்கும் அப்பாவித்தனத்துக்கும் எப்படிப் பயன்படுகின்றன என்பதற்கு அதைவிட வசதியான பாடம் கிடைப்பது கடினம்.

இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்பதற்கு நாடகக் கம்பெனிகளைப் பார்க்க வேண்டும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று மேடையில் வேடங்கள் பெயரிட்டுப் பிரிக்கப்பட்டிருந்தாலும், பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்களாகச் சேர்ந்தவர்கள் வளர வளர, குரல் உடைய உடைய, ஒரு வேடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறவேண்டியிருந்தது. காளி என். ரத்தினம் இதற்கு நல்ல சாட்சி. கோவலன் நாடகத்தில் காளியாக வந்து மிரட்டியதால்தான் பெயருக்கு முன்னால் அந்த அடைமொழி சேர்ந்தது. அதே மனிதர், பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம் 1941-ல் ‘சபாபதி’ என்று படமானபோது, எதைச் சொன்னாலும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் வேலைக்காரனாக வந்தார். உக்கிர தெய்வத்துக்குத் தேவைப்பட்ட உடற்கட்டுப்பாடு அசட்டு வேலைக்காரனுக்கும் உதவியது. பின்னால் வந்த சென்னை சபா நாடகங்களில் சிரிப்பின் பாரம் வசனத்தின் மேல் ஏறிக்கொண்டது. அங்கே எழுத்தாளர்தான் ராஜா. அது வேறு மரபு, அதன் சுகமும் வேறு.

கம்பெனி நாடகம் மறைந்த பிறகும் கதை நிற்கவில்லை. வாழ்நாள் முழுவதும் கதாநாயகிகளைத் துரத்திக்கொண்டிருந்த எம்.என். நம்பியாரை, பாக்யராஜ் 1982-ல் ‘தூறல் நின்னு போச்சு’ படத்தில் குஸ்தி வாத்தியாராக்கி நம்மைச் சிரிக்கவும் அவரை நேசிக்கவும் வைத்தார். எண்பதுகளில் ‘நூறாவது நாள்’ போன்ற படங்களில் கொலைகாரனாக வந்த சத்யராஜ், ‘அமைதிப்படை’ (1994) நாகராஜசோழனாக மணிவண்ணனோடு சேர்ந்து செய்த அரசியல் கிண்டல் இன்றும் தேர்தல் காலத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கப்படுகிறது. ‘புலன் விசாரணை’ (1990), ‘பாட்ஷா’ (1995) படங்களின் வில்லன் ஆனந்தராஜ் ‘நானும் ரௌடிதான்’ (2015), ‘மரகத நாணயம்’ (2017) படங்களில் அடுத்த தலைமுறையின் காமெடி தாதா ஆனார்.

இதற்கு முதல் மறுப்பு உடனே வரும்: இது நடிப்பு அல்ல, இமேஜைக் கவிழ்க்கும் வித்தை, ஒருமுறை வேலை செய்யும், மறுமுறை புளித்துப்போகும். இந்த மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. பாலாவின் ‘நான் கடவுள்’ (2009) படத்தில் பிச்சைத் தொழில் நடத்தும் தாண்டவனாக வந்து தூக்கத்தைக் கெடுத்த ராஜேந்திரன், அடுத்த ஆண்டே ‘பாஸ் என்கிற பாஸ்கரன்’ படத்தில் சில நிமிடங்களுக்கு வந்தபோது திரையரங்கு அதிர்ந்தது. அதன் பிறகு அவரை எத்தனை படங்களில் வெறும் மொட்டைத் தலைக்காகவும் கரகர குரலுக்காகவும் நிறுத்திவைத்தார்கள்! தாண்டவனின் நினைவு மங்க மங்கச் சிரிப்பும் மெலிந்தது. ஆகவே கவிழ்க்கப்பட்ட இமேஜ் முதல் சிரிப்பை மட்டும்தான் வாங்கித்தரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு நடிகரைவிட எழுதியவர்களே பொறுப்பு. விழுவதற்கு முன் ஏறிநிற்க ஒரு படியைக்கூட அவருக்கு எழுதித்தரவில்லை. பாலையாவுக்கு ஹேமநாதனும் விஸ்வநாதனும் தனித்தனி உயரங்களைக் கொடுத்தார்கள். இன்று ‘காதலிக்க நேரமில்லை’யைப் பார்த்துச் சிரிக்கும் இளைஞருக்கு ‘மதுரை வீரன்’ நினைவில் இருக்கவேண்டிய கட்டாயமில்லை. அந்தப் படத்துக்குள்ளேயே அப்பாவின் அதிகாரம் நிறுவப்பட்டிருக்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. தமிழின் மிகப்பெரிய சிரிப்பு நடிகர்கள் வில்லத்தனத்திலிருந்து வரவில்லையே? வடிவேலுவை எடுத்துக்கொண்டால், இந்த மறுப்பே என் பக்கம் சாய்கிறது. ‘வின்னர்’ (2003) கைப்புள்ளயும் ‘தலைநகரம்’ (2006) நாய் சேகரும் யார்? ஊர் பயப்படும் ரவுடிகள் என்று தங்களைத் தாங்களே நம்பும் மனிதர்கள். வில்லனின் மீசை, நடை, நிறுத்தம், சவால் எல்லாவற்றையும் வடிவேலு கடன் வாங்கி, அடி விழும்வரை அதில் தீவிரமாக நம்பிக்கை வைக்கிறார். இமேஜ் இல்லாதவர் அதைக் காட்சிக்குள்ளேயே தயாரித்துக்கொள்கிறார். கைப்புள்ள தலைமை தாங்கிய சங்கத்தின் பெயரையே தலைப்பாக்கி 2013-ல் வந்த ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’ படத்தில், துப்பாக்கியும் மீசையுமாக ஊரை மிரட்டும் அப்பா வேடத்துக்கு சத்யராஜை அழைத்தது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. நாகேஷ் விஷயத்தில் மட்டும் என் வாதம் நொண்டும். அவருடைய வேகத்துக்கும் உடல் வளைவுக்கும் எந்த உயரமும் தேவைப்படவில்லை. ஆனால் அவருக்கு எதிரே பாலையாவோ மேஜர் சுந்தர்ராஜனோ மாதிரி ஒரு கல்தூண் நிற்கும்போது அவர் கூடுதலாக ஜொலித்தார் என்ற அளவுக்கு மட்டும் சொல்லி விட்டுவிடுகிறேன்.

நடிகைகளுக்கு இந்தப் பாதை ஏன் ஒற்றையடிப் பாதையாகவே இருந்தது என்பதும் கேட்கத் தகுந்த கேள்வி. மிரட்டும் பெண் என்றால் கொடுமைக்கார மாமியார் அல்லது சித்தி என்பதோடு திரைக்கதை நிறுத்திக்கொண்டது. ஊர், சபை, கட்சி போன்ற அதிகாரங்கள் அவர்கள் கைக்கு வரவில்லை. அதிகாரம் இல்லாத இடத்தில் அது கவிழ்வதற்கும் வழியில்லை. கிடைத்த சின்ன இடத்தில், ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் மகளை வைத்துப் பணக்கணக்குப் போடும் வடிவாம்பாளாக சி.கே. சரஸ்வதி செய்துகாட்டியது, இன்னும் எவ்வளவு முடிந்திருக்கும் என்பதற்கான முன்பணம்.

மூன்றாவது மறுப்பு கலையைப் பற்றியதல்ல. ரவுடியைப் பார்த்துச் சிரிக்கப் பழகினால் ரவுடித்தனமே செல்லமாகிவிடாதா? கடந்த பதினைந்து ஆண்டுகளில் வந்த காமெடி தாதாக்களில் பலருக்கு இது பொருந்தும். கடைசிக் காட்சியில் நல்லவர்களோடு சேர்ந்து ஆடும் கொலைகாரர்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் சிரிப்பதும் மன்னிப்பதும் ஒன்றல்ல. தேங்காய் பொறுக்கும் நிலையிலிருந்து எம்.எல்.ஏ. ஆகும் நாகராஜசோழனின் ஒவ்வொரு பேச்சுக்கும் நாம் சிரிக்கிறோம். அவனைப் படம் ஓரிடத்திலும் மன்னிப்பதில்லை, நாமும் மன்னிப்பதில்லை. சிரிக்கச் சிரிக்க அவன்மேல் பயம் கூடத்தான் செய்கிறது. எளியவனை உதைத்து, நிறத்தையும் உருவத்தையும் சொல்லி வாங்கும் சிரிப்பு தமிழ்ப் படங்களில் மலிவாகக் கிடைத்த காலத்தில், மேலே இருப்பவனைப் பார்த்துச் சிரிக்க ஒரு வாய்ப்பை இந்த நடிகர்கள்தான் கொடுத்தார்கள்.

இதே கணக்கு எதிர்த்திசையிலும் சரியாக வருகிறது. மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ (2023) படத்தில் வடிவேலு சட்டமன்ற உறுப்பினர். பதவி இருக்கிறது, ஆனால் ஆதிக்கச் சாதிக் கட்சிக்காரர் முன்னால் உட்கார நாற்காலி இல்லை. இருபது ஆண்டுகளாகப் பொய்யான கெத்தை இழந்து நம்மைச் சிரிக்க வைத்தவர், இங்கே உண்மையாகவே தனக்குரிய மதிப்பு மறுக்கப்பட்டு நிற்கிறார். கை கட்டிய விதம், தாழ்ந்த பார்வை, பேசுவதற்கு முன் வரும் அந்த நிறுத்தம் எல்லாம் நமக்குப் பழகியவை. கைப்புள்ளயைப் பார்த்துச் சிரித்த அதே திரையரங்குகளில் அந்தக் காட்சிக்கு யாரும் சிரிக்கவில்லை.