பதினொரு வயதுக் கணினியும் பாமினிக் கோப்புகளும்

கடந்த ஒக்டோபர் மாதம் எங்கள் வீட்டு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஒரு கணினிக் கடைக்குப் போனேன். 2014இல் இடர்கடன் எடுத்து வாங்கியது. சம்பளத்தில் மாதாமாதம் வெட்டுப்பட்டதால் அதன் விலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. கொஞ்ச நாளாகத் திரையில் ஓர் அறிவித்தல் வந்துகொண்டிருந்தது. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிகிறதாம். கடைக்காரத் தம்பி மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "சேர், இது இனிச் சரிவராது. பதினொன்று இதுக்கு ஏறாது. புதுசொன்று எடுங்க" என்றார். ஏன் ஏறாது என்று கேட்டதற்கு, "மெஷின் பழசு சேர்" என்பதுதான் பதில்.

பழசு என்பது ஒரு காரணமா? அந்தக் கேள்வியோடுதான் திரும்பி வந்தேன். நான் தமிழ் படித்தவன். கணினி எனக்குத் துறையல்ல. ஆனால் பதினைந்து வருடத்து வினாத்தாள்களும், எங்கள் ஊரின் மூத்த எழுத்தாளர் ஒருவர் மௌத்தாகும் முன் என்னிடம் தந்துவிட்டுப்போன கட்டுரைக் கோப்புகளும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அதனால் இரண்டு மாதம் இதிலேயே மினக்கெட்டேன். அறிந்துகொண்டதை, என்னைப் போல் கடை வாசலில் முழித்துக்கொண்டு நிற்கும் வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் 'ஆதரவு முடிகிறது' என்றால் என்ன? கணினி அன்றிரவே நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. விண்டோஸ் 10 வழமைபோல் ஓடும். ஆனால் அதில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை மைக்ரோசொஃப்ட் இனி அடைக்காது. 2017 மே மாதத்தில் 'வன்னாகிறை' என்ற தீநிரல் ஏறக்குறைய 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிக் கப்பம் கேட்டது. பிரித்தானிய அரச வைத்தியசாலைகளில் நோயாளரைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தது. அந்த ஓட்டைக்கான ஒட்டு இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. போடாதவர்கள்தான் அகப்பட்டார்கள். ஆகவே இணையத்தோடு இணைக்கும் கணினிக்கு இது சின்ன விடயமில்லை. தனி மனிதர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு வருட நீடிப்பு இருக்கிறது. மைக்ரோசொஃப்ட் கணக்கோடு கணினியைப் பிணைத்தால் அதைக் காசில்லாமலும் பெறலாம். இதைக் கடையில் யாரும் சொல்லவில்லை.

அடுத்தது, பதினொன்று ஏன் ஏறாது? 2021இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி இடமும்தான். அது எங்கள் கணினியில் தாராளமாக உண்டு. தடை வேறு இரண்டு இடத்தில். ஒன்று, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி. கடவுச்சொற்களுக்கும் மறைகுறியாக்கத்துக்கும் வேண்டிய சாவிகளைக் கணினியின் மற்றப் பகுதிகள் தொட முடியாதபடி தனியே பூட்டி வைக்கும் சிறு பெட்டகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றது புரொசெசரின் வயது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான், அதாவது 2017க்குப் பின்னர் வந்தவைதான் அனுமதிப் பட்டியலில் இருக்கின்றன. எங்களுடையது நான்காம் தலைமுறை. வேலை செய்யும் வலு இருக்கிறது; வாசலில் அடையாள அட்டை இல்லை. இவை இரண்டும் வேறுவேறு என்பதைப் புரிந்துகொண்டபோதே எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது.

பாடசாலை நூல்களில் ஓப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு 'பணிசெயல் முறைமை' என்று பெயர். பிள்ளைகள் பாடமாக்கி எழுதுகிறார்கள். என்னவென்று கேட்டால் தலையைச் சொறிகிறார்கள். நான் அவர்களுக்குச் சொல்வது இது: எந்தப் பாடசாலையிலும் நேரசூசி போடும் ஆசிரியர் ஒருவர் இருப்பார். பத்து வகுப்புக்குக் கணிதம் வேண்டும், கணித ஆசிரியர் இரண்டே பேர். யாரை எப்போது எங்கே அனுப்புவது, விஞ்ஞானகூடத் திறப்பை யாருக்குக் கொடுப்பது எல்லாம் அவர் கையில். அவர் பாடம் நடத்துவதில்லை. ஆனால் அவர் லீவு போட்டால் பாடசாலை சந்தையாகிவிடும். கணினியில் புரொசெசர் என்பது அந்தக் கணித ஆசிரியர். பாட்டு, எழுத்து, இணையம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதுபோல் தெரிவது, பணிசெயல் முறைமை அவரை ஒரு செக்கனுக்குள் பல தடவை வகுப்பு மாற்றிவிடுவதால்தான்.

ரம் என்பது ஆசிரியர் அறை மேசை. ஹாட் டிஸ்க் என்பது களஞ்சிய அறை அலுமாரி. மேசை நிறைந்துவிட்டால் கொப்பிகளைத் தூக்கி அலுமாரியில் வைத்துவிட்டு, தேவைப்படும்போது மறுபடி எடுத்து வரவேண்டும். பழைய கணினி 'இழுபடுவது' பெரும்பாலும் இந்த நடையால்தானே தவிர ஆசிரியரின் மூளைக் குறைவால் அல்ல. அதிலும் பழைய ஹாட் டிஸ்க் என்பது இசைத்தட்டுப் போல உண்மையாகவே சுழலும் தட்டு. மடிக்கணினிகளில் அநேகமாக நிமிடத்துக்கு 5400 சுற்று. வேண்டிய இடம் முள்ளுக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு தேடலுக்குப் பத்து மில்லிசெக்கனுக்கு மேல் போகும். எஸ்எஸ்டியில் சுழல எதுவுமில்லை; அந்த நேரம் ஏறக்குறைய நூறில் ஒன்றாகக் குறைகிறது. எங்கள் கணினிக்குள் நான் செலவழித்தது இவ்வளவுதான்: ஓர் எஸ்எஸ்டி, இன்னும் 4 ஜிபி ரம், காற்றாடியில் பதினொரு வருடமாகப் படிந்த தூசு தட்டியது. மூன்று நிமிடமெடுத்து எழும்பியது இப்போது அரை நிமிடத்துக்குள் எழும்புகிறது. புதுக் கணினி வாங்க நினைப்பவர்கள் முதலில் இந்தச் செலவைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எட்டு ஜிபி ரம்மும் எஸ்எஸ்டியும் உள்ள பழைய கணினி, நான்கு ஜிபியும் சுழலும் தட்டும் கொண்ட புதுக் கணினியை விட நல்லது.

சரி, வாசலில் மறிக்கும் விண்டோஸ் 11க்குப் பதிலாக எதை நிறுவுவது? லினக்ஸ். 1991 ஓகஸ்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் பொழுதுபோக்காகச் செய்துவரும் ஒரு முறைமையைப் பற்றி அறிவித்தார். அப்போது அவருக்கு 21 வயது. இன்று நாம் எல்லோரும் சட்டைப்பையில் வைத்திருக்கும் அன்ட்ரொய்ட் தொலைபேசிக்குள் இருப்பதும் அதன் கருதான். "லினக்ஸா? அது எஞ்சினியர்மாருக்கு" என்று ஒதுக்குகிறவர்கள் அதைத் தினமும் தடவிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கணினிக்கென்று உபுண்டு, மின்ட் எனப் பல வடிவங்களில் அது இலவசமாகக் கிடைக்கிறது. நான் மின்ட் போட்டேன். பென் டிரைவிலிருந்தே முதலில் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு நிறுவலாம். நிறுவும்போது பழையது அழியும். ஆகையால் கோப்புகளை முதலில் வேறிடத்தில் பிரதிபண்ண வேண்டும். இந்த ஒரு வரியை மட்டும் அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள்.

எல்லாம் இனிப்பாக இருக்கவில்லை. எங்கள் பிரிண்டர் இரண்டு நாள் அடம்பிடித்தது. எம்எஸ் வேர்ட் கிடையாது. லிப்ரே ஒபிஸ் இருக்கிறது. வேர்ட் கோப்புகளைத் திறக்கும், ஆனால் வினாத்தாள்களின் அட்டவணைகள் சில இடங்களில் கோணலாகின. வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பும் படிவங்களுக்கு இன்னும் பாடசாலைக் கணினியைத்தான் பாவிக்கிறேன்.

மகனுடைய கேள்வி வேறு. "வாப்பா, லினக்ஸில கேம் ஓடுமா?" உயர்தரம் படிக்கிற பிள்ளை. நான் கேம் விரோதி அல்ல. வளாகத்தில் படித்த காலத்தில் 'பிரின்ஸ் ஒஃப் பெர்சியா'வில் முள்ளுக் குழிக்குள் விழுந்து விழுந்து எழும்பியவன்தான். 1989இல் ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்கர் அதைச் செய்தார். தன் தம்பியை ஓடவும் பாயவும் விட்டு, அதைப் படமெடுத்து, அசைவை அசைவாகப் பார்த்து வரைந்திருக்கிறார். அந்த இளவரசன் பாயும்போது ஒரு மனிதப் பிள்ளை பாய்வதுபோல் இருந்ததன் இரகசியம் அதுதான். இரண்டாவது நினைவு, குவைத்துக்கு உழைக்கப் போனவர்கள் சொல்லிக் கேட்டது: எண்பதுகளில் அங்கே 'சக்ர்' என்றொரு கணினி இருந்தது. முஹம்மத் அல்ஷாரிஹ் என்ற குவைத்தியர், எம்எஸ்எக்ஸ் என்ற ஜப்பானியத் தரத்துக் கணினிக்கு அரபு எழுத்தும் அரபு விசைப்பலகையும் கொடுத்து விற்றார். அரபுப் பிள்ளைகள் கேம் அட்டையைச் செருகி விளையாடியதும், தம் சொந்த எழுத்தில் கணினியைப் பழகியதும் அதே பெட்டியில். பின்னர் அதே நிறுவனம்தான் குர்ஆன், ஹதீஸ் மென்பொருள்களையும் செய்தது. 1990இல் ஈராக் படையெடுத்ததன் பின் அது கெய்ரோவுக்கு இடம்பெயர்ந்தது. விளையாட வாங்கிய பெட்டியில் ஒரு மொழி ஏறிக்கொண்டது என்ற இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும்.

மகனுக்குச் சொன்ன பதிலுக்கு வருகிறேன். விண்டோஸுக்கென எழுதிய கேம், 'இந்த முக்கோணத்தை வரை', 'இந்த ஒலியை எழுப்பு' என்று விண்டோஸின் பாஷையில்தான் கேட்கும். லினக்ஸுக்கு அது விளங்காது. 1993இல் தொடங்கிய 'வைன்' என்ற மென்பொருள் நடுவில் நின்று மொழிபெயர்க்கிறது. அதைக் கேமுக்கென்று செதுக்கி, வால்வ் நிறுவனம் 2018இல் 'புரோட்டன்' என்று வெளியிட்டது. 2022இல் அதே நிறுவனம் விற்கத் தொடங்கிய 'ஸ்டீம் டெக்' என்ற கைக்கருவி ஓடுவதும் லினக்ஸில்தான். ஆயிரக்கணக்கான விண்டோஸ் கேம்கள் இன்று இப்படி ஓடுகின்றன. ஓடாதவையும் உண்டு. இணையவழிப் போட்டிக் கேம்களில் கள்ளவிளையாட்டைப் பிடிக்கும் காவல் மென்பொருள் ஒன்று முறைமையின் அடிமடி வரை கை வைக்கும். லினக்ஸில் அதற்கு இடம் கொடுக்காதபடியால் 'வலொரன்ட்', 'ஃபோர்ட்நைட்' இரண்டும் ஓடா.

"அப்ப புது கிராபிக்ஸ் கார்ட்?" என்றான். அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். சாதாரணத் திரையில் குறுக்காக 1920, நெடுக்காக 1080 புள்ளிகள். பெருக்கினால் 20 இலட்சத்துக்கு மேல். செக்கனுக்கு 60 படம் என்றால் ஒவ்வொரு செக்கனும் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் தீர்மானிக்க வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைப்பது 16 மில்லிசெக்கன் சொச்சம். இரண்டு கணித ஆசிரியரால் முடியாது. கூட்டல் மட்டும் தெரிந்த ஆயிரம் மாணவர்களை வரிசையாக இருத்தி ஆளுக்குக் கொஞ்சம் பகிர்ந்து கொடுப்பதுதான் கிராபிக்ஸ் கார்ட். செயற்கை நுண்ணறிவுக்கும் இப்போது அதே ஆயிரம் மாணவர்கள்தான் தேவைப்படுகிறார்கள். விலை இறங்காததற்கு அதுவும் ஒரு காரணம். மடிக்கணினியில் அதை மாற்றிப் போடவும் முடியாது. எங்களுடைய பழைய உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு, புரோட்டன் நம்பியிருக்கும் வல்கன் என்ற முறை முழுதாக வராது. ஆகவே பழைய கேம்கள்தான் என்று முடிவாயிற்று. முகம் கொஞ்சம் தொங்கியது.

எனக்கு மெய்யாகவே கவலை தருவது கேம் அல்ல, அதற்குள் வைத்திருக்கும் காசுப் பெட்டி. என்ன கிடைக்கும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் 'லூட் பொக்ஸ்'. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு இதைச் சூது என்றே தீர்மானித்தது. மார்க்கத் தீர்ப்பை உலமாக்கள் சொல்லட்டும். வகுப்பறையில் நான் பார்ப்பது, ரீலோட் காசைச் சேர்த்து வைத்து அதில் போடும் பிள்ளைகளை. பெற்றார் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எத்தனை மணித்தியாலம்' என்பதல்ல, 'இதற்குள் என்ன விற்கிறார்கள்' என்பதே.

மூத்த எழுத்தாளரின் கோப்புகளைத் திறந்தபோதுதான் எனக்கு உண்மையான அதிர்ச்சி. மின்டில் அவை முழுக்க ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தன. அவர் பாவித்தது பாமினி. இலங்கையில் எங்களில் அநேகர் அதில்தான் தமிழ் அடிக்கப் பழகினோம். ஆனால் பாமினி தமிழ் எழுத்தைச் சேமிப்பதில்லை. 'அம்மா' என்று அடித்தால் கணினி பதிந்துகொள்வது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. பாமினி என்ற முகமூடியைப் போட்டால் மட்டும் அவை தமிழாகத் தெரியும். முகமூடி இல்லாத கணினியில் அது தமிழே அல்ல. தேடினால் அகப்படாது, கைத்தொலைபேசியில் வாசிக்க வராது. யுனிகோட் அப்படியல்ல. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் கொண்ட தனி வளவு கொடுக்கப்பட்டது. அங்கே 'அ' எப்போதும் 'அ'தான்.

பாமினி எழுத்துருவைப் போட்டவுடன் கட்டுரைகள் உயிர்பெற்றன. பிறகு மாற்றிக் கருவியால் யுனிகோடுக்கு மாற்றத் தொடங்கினேன். அது பொத்தானை அமுக்கினால் முடியும் வேலையல்ல. பாமினியில் கொம்பு முதலில், மெய் பிறகு. யுனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு. நல்ல கருவி இதைத் திருப்பிப் போடும். ஆனால் கட்டுரைக்கு இடையே வரும் ஆங்கிலப் பெயர்களையும் பாமினி என்று எண்ணி உருத்தெரியாத தமிழாக்கிவிடும். வேறு எழுத்துருவில் அடித்த அரபுச் சொற்களும் அப்படித்தான். அவர் எங்கள் பகுதிப் புலவர்கள் பற்றி எழுதியவர். பக்கத்துக்குப் பக்கம் அரபுச் சொல். ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுக் கையால் திருத்த வேண்டியிருக்கிறது.

நாற்பத்தியொரு கோப்பில் பதினேழு முடிந்திருக்கிறது. இரவு இஷாவுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் மகன் விளையாட, அடுத்த மணித்தியாலம் எனக்கு. சில நாள் அவனே பக்கத்தில் இருந்து வாசிக்கிறான், நான் திருத்துகிறேன். இரண்டு கோப்பு மட்டும் பாமினிக்கும் பிடிபடவில்லை. வேறேதோ பழைய எழுத்துரு. முதல் வரி எப்படித் தொடங்குகிறது என்று அவருடைய மகளாரிடம் கேட்டிருக்கிறேன், வீட்டில் அச்சுப் பிரதி ஒன்று இருக்கலாம் என்று சொன்னார்கள்.